நீண்ட நாள் ஓடாமல் நின்ற காரில் துருப்பிடித்த பிரேக்: சரிசெய்வது எப்படி, மீண்டும் வராமல் தடுப்பது எப்படி?

புதுத்தடம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உள்ள, முன்சக்கரங்களால் இயங்கும் பெட்ரோல் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் சில மாதங்கள் அதை எடுக்கவே முடியாமல் போய், மழையும் ஈரக்காற்றும் படும் திறந்தவெளியில் ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் நின்றுவிட்டது. மீண்டும் எடுத்தபோது பின்சக்கரம் ஒன்று ஒட்டிக்கொண்டு நகர மறுத்து, பிறகு பலத்த ஓசையுடன் விடுபட்டது. முன்சக்கர டிஸ்க்குகளில் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுகளில்) படிந்திருந்த செம்பழுப்பு நிறம் சிறிது தூரம் ஓட்டியதுமே மறைந்து பளபளப்பு வந்துவிட்டது. பின்சக்கர டிஸ்க்குகளில் மட்டும் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு துருவளையமும், பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உரசுகட்டை) அழுந்தி நின்ற இடத்தில் அதே வடிவத்தில் ஒரு கறையும் நிலைத்துவிட்டன. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் ஒவ்வொரு முறையும் ‘சர்’ என்று ஓர் உரசல் கேட்கிறது. ஓட்டி நிறுத்திய பிறகு பின்சக்கரங்களுள் இடப்பக்கத்தது மற்றதைவிட நன்றாகச் சூடாக இருக்கிறது. பிரேக் மிதி வழக்கம்போல் உறுதியாகவே உள்ளது.

டிஸ்க்கை உப்புத்தாளால் தேய்த்தாலோ, துரு நீக்கும் அமிலம், வினிகர் போன்றவற்றைப் பூசினாலோ போதும் என்று சிலர் சொல்கிறார்கள். லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும் என்று சிலரும், யோசிக்காமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்று என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். உயிரோடு தொடர்புடைய பாகம் என்பதால் விவரம் தெரிந்துகொண்ட பின்னரே எதையும் செய்ய விரும்புகிறேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது, அளவெடுப்பது போன்ற வேலைகள் எனக்குப் பழக்கம்தான். எதை முதலில் பார்க்க வேண்டும், எந்தத் துருவை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது, இது மறுபடியும் வராமல் இருக்க என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

நெம்புகோல்:

வணக்கம். உங்கள் கண்ணில் படுவது டிஸ்க்கின் துரு. ஆனால் நீங்கள் எழுதியவற்றுள் என்னைக் கவலைகொள்ளச் செய்வது அந்த இடப்பக்கச் சக்கரத்தின் சூடுதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெரும்பாலான கார்களின் டிஸ்க் சாம்பல்நிற வார்ப்பிரும்பால் ஆனது. வெப்பத்தை நன்றாகத் தாங்கும், விலை குறைவு, உரசலுக்கு ஏற்றது என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உரசும் முகத்தில் வண்ணமோ பூச்சோ நிலைக்காது என்பதால் அந்த இரும்பு வெறுமையாகவே காற்றில் நிற்கிறது. ஒருமுறை நனைந்தால் சில மணி நேரத்திலேயே செம்மை படர்வது இதனால்தான். இவ்வகை மேல்துருவை முதல் சில பிரேக் பிடிப்புகளே தேய்த்து எடுத்துவிடும். உங்கள் முன்டிஸ்க்குகளில் நடந்தது அதுவே, அவற்றை மறந்துவிடலாம்.

பின்சக்கரங்களின் கதை வேறு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்புறம் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்பிரேக்குகளே செய்கின்றன. மென்மையாக ஓட்டுபவரின் காரில் பின்பேட்டுகள் டிஸ்க்கைத் தொட்டுத் தடவுவதோடு சரி. அந்த மெல்லிய அழுத்தம் துருவைச் சீவி எடுக்கப் போதாது. அதனால் துரு அடுக்கடுக்காக வளர்ந்து இரும்பைத் தின்னத் தொடங்குகிறது.

இனி அந்தச் சூட்டுக்கு வருவோம். பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் பிடிப்பானைக் காலிப்பர் என்கிறோம்; உங்கள் காரின் பின்பிரேக்கில் பெரும்பாலும் மிதக்கும் வகைக் காலிப்பரே இருக்கும். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் உள்ளது. அது உட்பேட்டைத் தள்ளும்போது காலிப்பர் முழுவதுமே இரண்டு வழுக்குப் பின்களின் (உலோகத் தண்டுகளின்) மேல் நகர்ந்து வெளிப்பேட்டையும் இழுத்து அணைக்கிறது. இந்தப் பின்களைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்து ஈரம் புகுந்தால் அந்த வழுக்குப் பின் தன் துளைக்குள்ளேயே துருவேறி இறுகிவிடும். அப்போது காலை எடுத்த பின்னும் பேட் டிஸ்க்கை விடாது. சக்கரம் சூடாகும், எரிபொருள் வீணாகும், உட்பேட் மட்டும் விரைவாகத் தேயும்.

இதே விளைவைத் தரும் இன்னோர் இடமும் உண்டு. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பேட்டின் இரண்டு காதுகளும் காலிப்பர் பிராக்கெட்டில் உள்ள வாய்களில் அமர்ந்து நகர்கின்றன. அந்த வாய்களில் துருவேறாத எஃகாலான மெல்லிய கிளிப்புகள் மாட்டப்பட்டிருக்கும். கிளிப் துருப்பிடிக்காது, ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் பிராக்கெட் துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. அது கிளிப்பை வெளியே தள்ளத் தள்ள, பேட்டின் காது இறுகி அசைவற்றுப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் புதிது போலத் தெரியும். கிளிப்பைக் கழற்றினால்தான் உண்மை தெரியும்.

செய்ய வேண்டிய முறை இது. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அருகில் உட்காரவே கூடாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றிக் காலிப்பரை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் திரவம் வரும் ரப்பர் ஹோஸில் அதன் எடை விழக்கூடாது. இரண்டு பின்களையும் விரலால் தள்ளிப் பாருங்கள். நல்ல பின் வழுக்கிக்கொண்டு போகும். இறுகியது அசையாது, அல்லது திருகினால்தான் வரும். பேட்டுகள் வாயிலிருந்து கையாலேயே வர வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் வருகின்றன என்றால் அந்த வாய்தான் குற்றவாளி. பிஸ்டனின் ரப்பர் உறையில் கிழிசல் உண்டா, அதன் மடிப்பில் ஈரமோ துருத்தூளோ இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கிளிப்புகளை எடுத்துவிட்டு வாயைக் கம்பி பிரஷ்ஷாலும் தட்டை அரத்தாலும் வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். அரம் துருவை மட்டும் எடுக்கட்டும், இரும்பைச் சீவ வேண்டாம். புதிய கிளிப்புகளை மாட்டுங்கள். பின்களுக்குச் சிலிக்கோன் கிரீஸோ, பிரேக்குக்கென்றே விற்கப்படும் செயற்கைக் கிரீஸோ இட வேண்டும். வீட்டிலிருக்கும் சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம். கனிம எண்ணெய் அங்குள்ள ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்து, இப்போதுள்ளதைவிட மோசமாக இறுக்கிவிடும். கிரீஸ் கொஞ்சமாக இருக்கட்டும். டிஸ்க்கிலோ பேட்டின் உரசுமுகத்திலோ ஒரு துளிகூடப் படக்கூடாது. துரு இளக்கும் ஸ்பிரேக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பின்பிரேக் என்பதால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹேண்ட் பிரேக் பொறி காலிப்பருக்குள்ளேயே இருக்கும் வகையில், பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ள முடியாது. அதற்குரிய கருவியால் திருகிக்கொண்டே தள்ள வேண்டும். மின்மோட்டாரால் இயங்கும் பார்க்கிங் பிரேக் என்றால், முதலில் கையேட்டில் சொன்னபடி பழுதுபார்ப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை விட்டுவிட்டு வலிந்து தள்ளியதால் உடைந்த காலிப்பர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இவற்றைப் பார்த்து முடிக்கும்வரை அந்தக் காரை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உலைக்களம்:

நெம்புகோல் சொன்ன வரிசையே சரி. டிஸ்க்கைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். கடைசல் வேலையில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது.

உப்புத்தாள் மேல்துருவை எடுக்கும். ஆனால் மேல்துருவைப் பேட்டே எடுத்துவிடும் என்பதால் அந்த உழைப்புக்குப் பயனில்லை. குழி விழுந்த டிஸ்க்கைக் கையால் தேய்த்தால் சில இடங்களில் கூடவும் சில இடங்களில் குறையவும் இரும்பு போய், முகம் மேடுபள்ளமாகும். பிரேக் பிடிக்கும்போது மிதியில் துடிப்பு வருவதற்குக் காரணம் டிஸ்க்கின் தடிமன் ஒரு சுற்றுக்குள்ளேயே மாறுபடுவதுதான். அதற்கு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடே போதும். கை அந்த நுட்பத்தை ஒருபோதும் தராது. அமிலமும் வினிகரும் துருவைக் கரைக்கும். கரைத்த இடத்தில் குழி அப்படியே இருக்கும். மேலும், கழுவி முடித்த வெற்றிரும்பு உடனே மீண்டும் துருவேறும். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் தங்கும் அமிலம் பேட்டுக்கும் நல்லதில்லை. இந்த இரண்டு வழிகளையும் விட்டுவிடுங்கள்.

உண்மையில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே: கடைவதா, மாற்றுவதா? அதைச் சொல்வது தடிமன். ஒவ்வொரு டிஸ்க்கின் விளிம்பிலோ நடுத்தொப்பியிலோ (நடுவில் புடைத்து நிற்கும் பகுதியிலோ) அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். துரு மறைத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். அளவெடுக்கும்போது சாதாரண வெர்னியரின் தாடையை அப்படியே வைக்காதீர்கள். தேயாமல் நிற்கும் வெளிவிளிம்பில் அது தட்டி, இல்லாத தடிமனைக் காட்டும். மைக்ரோமீட்டரை விளிம்பு தாண்டி உரசுமுகத்தில் வைத்து, சுற்றிலும் ஆறேழு இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்ததையே கணக்கில் கொள்ளுங்கள். பிறகு உட்பக்க முகத்தைப் பாருங்கள். சக்கரத்தின் இடைவெளி வழியாக வெளிமுகம் மட்டுமே தெரிவதால், பளிச்சென்ற வெளிமுகத்தைக் கண்டு நிம்மதியடைந்து, உள்ளே பாதி முகம் துருவாகிப் போனதை அறியாமல் ஓட்டுபவர்கள் ஏராளம்.

அளவுகளை எடுத்து இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

புதுத்தடம்:

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன முறையிலேயே கழற்றிப் பார்த்தேன். டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவு 8 மி.மீ. கையேட்டின்படி புதியதின் தடிமன் 10 மி.மீ. இடப்பக்கத்தில் மிகக் குறைந்த அளவு 8.6, வலப்பக்கத்தில் 8.8. இரண்டிலும் உட்பக்க முகத்தின் வெளிப்பாதியில் நகம் சிக்கும் அளவுக்குக் குழிகள் இருக்கின்றன. இடப்பக்கக் காலிப்பரின் கீழ்ப் பின் முற்றிலும் இறுகிவிட்டது, அதன் ரப்பர் உறையில் சிறு கிழிசல் உள்ளது. அந்தப் பக்க உட்பேட்டில் 3 மி.மீ. கூட மீதமில்லை, வெளிப்பேட்டில் 6 மி.மீ. இருக்கிறது. பிஸ்டன் உறைகள் நன்றாகவே உள்ளன. கூடவே ஒன்று கண்ணில் பட்டது. பின் அச்சுக்கு மேலே ஓடும் பிரேக் குழாயில், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்கு அருகில் பூச்சு உரிந்து செதில் செதிலாகத் துரு தெரிகிறது. கசிவு எதுவும் இல்லை. இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

உலைக்களம்:

டிஸ்க்குகளை மாற்றிவிடுங்கள். கணக்கு எளிது. இடப்பக்கத்தில் மீதமிருப்பது 0.6 மி.மீ. நகம் சிக்கும் குழியை நீக்கவும், இருமுகத்தையும் இணையாக்கவும் ஒவ்வொரு முகத்திலும் கால் மி.மீ. எடுத்தாலே 8.1 ஆகிவிடும். அது கடைசல் முடிந்த அன்றே ஆயுள் முடிந்த டிஸ்க். குறைந்தபட்ச அளவு என்பது ஓட்டி ஓட்டித் தேய்ந்து சென்றடையும் எல்லை. அந்த எல்லையிலிருந்து ஓட்டத் தொடங்கக் கூடாது. மெலிந்த டிஸ்க் வெப்பத்தை ஏற்கும் திறனை இழந்து, நீண்ட இறக்கங்களில் விரைவில் சூடேறும். வலப்பக்கத்தது சற்று நன்றாக இருந்தாலும் ஓர் அச்சின் இரண்டு டிஸ்க்குகளையும் சேர்த்தே மாற்றுவதுதான் முறை. இல்லையேல் இரு பக்கமும் வெவ்வேறு விதமாகப் பிடிக்கும். பேட்டுகளும் அப்படியே நான்கும் புதிது. குழி விழுந்த டிஸ்க்கில் தேய்ந்த பேட்டின் முகம் அந்தக் குழிகளுக்கேற்ப வடிவம் பெற்றிருக்கும். அதைப் புதிய டிஸ்க்கில் வைத்தால் முழுப்பரப்பும் படியாது.

வாங்கும்போது நடுத்தொப்பியிலும் விளிம்பிலும் துத்தநாகச் செதில் பூச்சு உள்ள டிஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள். உரசுமுகத்தில் உள்ள பூச்சு முதல் சில பிரேக்கிலேயே போய்விடும். மற்ற இடங்களில் அது நிலைத்து, ஓரத்திலிருந்து துரு உள்நோக்கிப் பரவுவதைத் தாமதப்படுத்தும். பூச்சில்லாத டிஸ்க் எண்ணெய்ப் படலத்துடன் வரும்; அதைப் பிரேக் கிளீனரால் முழுமையாகத் துடைத்த பிறகே மாட்ட வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடம், டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பின் முகம். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் அது அமர்ந்திருந்த ஹப்பில் துருப்பொருக்கு நிற்கும். அதன்மேல் புதிய டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் மிக நுண்ணிய அளவில் சாய்ந்து அமரும். அந்தச் சாய்வு வெளிவிளிம்பில் பெருகி, சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும். தொடக்கத்தில் எதுவும் தெரியாது. ஆடும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசி உரசி அந்த இடத்தை மெலியச் செய்யும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் மிதி துடிக்கும்போது, டிஸ்க் தரமற்றது என்று உற்பத்தியாளரைத் திட்டுவார்கள். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சிடும்வரை சுத்தம் செய்யுங்கள். டயல் கேஜ் கிடைத்தால், போல்ட்டுகளை இறுக்கிய பின் டிஸ்க்கின் ஆட்டத்தை அளந்து பாருங்கள். பல கார்களுக்கு 0.05 மி.மீ. அளவிலேயே இருக்க வேண்டும், உங்கள் காருக்குரிய எண் கையேட்டில் இருக்கும்.

பொருத்தி முடித்ததும் காரை நகர்த்துவதற்கு முன்பே பிரேக் மிதியைப் பல முறை அழுத்தி உறுதி வரச் செய்யுங்கள். பின்னர் ஆளற்ற சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, பத்து முறை போலச் செய்தால் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிந்துவிடும். அந்த நேரத்தில் சூடான பிரேக்கை அழுத்தியபடி முழுதாக நிறுத்தி வைக்காதீர்கள்.

நெம்புகோல்:

ரப்பர் உறை கிழிந்த அந்தப் பின்னைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்த வேண்டாம். பின்னின் மேல்பூச்சு போயிருந்தால் துரு விரைவில் திரும்பும். பின்னும் உறையும் சேர்ந்த தொகுப்பு தனியாகவே கிடைக்கிறது. மற்ற மூன்று பின்களையும் எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக இடுங்கள். இரண்டு பின்களும் ஒன்றுபோல் தோன்றினாலும் சில காலிப்பர்களில் ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். பழைய பேட்டுகளிலும், டிரம் பிரேக்கில் டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் ஷூக்களிலும் கல்நார் இருந்திருக்கலாம். கல்நார் இல்லாத தூசியும் நுரையீரலுக்கு நல்லதன்று.

நீரோட்டம்:

குழாயைப் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பக்கத்தில் பேசப்பட்ட எல்லாவற்றையும்விட அதையே அதிகம் பொருட்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிஸ்க்கின் துரு சத்தம் போடும், அதிரும், எச்சரிக்கும். குழாயின் துரு மௌனமாக இருந்துவிட்டு, அழுத்தம் மிக அதிகமாகும் கணத்தில், அதாவது நீங்கள் அவசரமாக முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கும் அதே கணத்தில் வெடிக்கும். கசிவில்லை என்பது ஆறுதல் தரக்கூடிய செய்தியன்று. குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனே கொண்டது. செதில் உரிகிறது என்றால் அதில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இன்றைய கார்களில் பிரேக் அமைப்பு இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று வேலை செய்யும். ஆனாலும் மிதி திடீரென ஆழமாக இறங்கி, நிறுத்தும் தூரம் வெகுவாக நீளும்.

கிளிப்புக்கு அருகில் துரு தொடங்குவது வழக்கமே. அங்கே மண்ணும் ஈரமும் தங்கி உலராமல் இருக்கும். கடற்கரைக் காற்றோ, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்போ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாக் கிளிப்புகளின் அடியிலும் பாருங்கள். மேல்மண்ணைத் துடைத்த பின் நிறம் மட்டும் மாறியிருந்தால், சுத்தம் செய்து துருத்தடுப்பு மெழுகு பூசிக் கண்காணிக்கலாம். செதிலாக உரிந்தாலோ, குழி தெரிந்தாலோ குழாயை மாற்றத்தான் வேண்டும். பழுதான பகுதியை மட்டும் வெட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது போன்ற இறுக்கு இணைப்பைப் போட்டுச் சமாளிப்பது பிரேக்கின் அழுத்தத்துக்கு ஏற்றதன்று. சாதாரண ரப்பர்க் குழாயும் கூடாது. இணைப்பிலிருந்து இணைப்புவரை முழு நீளத்தையும் மாற்றுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைத்தால் அதுவே சிறந்தது. எஃகைவிட எளிதாக வளையும், துருவேறாது. முனையை விரிக்கும் முறை காருக்குக் கார் வேறுபடும். இரட்டை மடிப்பு ஒரு வகை, குமிழ் வடிவம் இன்னொரு வகை. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. அதற்குரிய கருவியும் பயிற்சியும் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது என்று சொல்லத் தயங்கமாட்டேன். நட்டுகளைச் சாதாரண ஸ்பேனரால் திருகாமல், குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். துருவேறிய நட்டின் மூலைகள் மிக எளிதாக மழுங்கிவிடும்.

குழாயைத் திறந்தால் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். அந்தச் சந்தர்ப்பத்தில் பிரேக் திரவம் முழுவதையும் மாற்றிவிடுங்கள். துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகைத் திரவங்கள் கிளைகோல் ஈதரை அடிப்படையாகக் கொண்டவை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியின் காற்றுத்துளை வழியாகவும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுகின்றன. அந்த ஈரம் இரண்டு தீங்குகளைச் செய்கிறது. முதலாவது, கொதிநிலை இறங்குகிறது. டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அதே விதி 155 டிகிரியைத்தான் கேட்கிறது. டாட் 3 வகையில் இவை 205, 140. இரண்டாவது தீங்கே நம் பேச்சுக்கு உரியது: துருத்தடுப்பு மருந்துகள் நாளடைவில் செலவழிந்து, காலிப்பரின் உட்சுவரும் பிஸ்டனும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டியின் நுண்ணிய வால்வுகளும் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றன. எனவே ஓடிய தூரத்தைப் பார்க்காமல், கையேடு வேறாகச் சொல்லாதவரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டாட் 5 என்பது சிலிக்கோன் திரவம். எண் ஒட்டியிருப்பதைப் பார்த்து 5.1 வகையோடு அதைக் குழப்பி மற்றவற்றுடன் கலந்துவிடக் கூடாது. பிரேக் திரவம் பெயிண்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காற்றெடுக்கும் நிப்பிளைத் திறக்கும் முன் துரு இளக்கியைத் தெளித்து ஊறவிட்டு, ஆறுமுனை சாக்கெட்டால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துத் திறக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அதன் ரப்பர் மூடியை மறக்காமல் போட வேண்டும். மூடியில்லாத நிப்பிளுக்குள் தண்ணீர் தேங்கி இறுகுவதால்தான் அடுத்த முறை அது முறிகிறது.

வாசல்நிழல்:

என் காரில் பின்பக்கம் டிரம் பிரேக். மழையில் நிறுத்தி, மறுநாள் எடுத்தால் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரைப் பலமாக மிதித்துத்தான் விடுவிக்கிறேன். இது தவறா?

நெம்புகோல்:

தவிர்க்க வேண்டிய செயல். ஈரத்தில் ஷூவின் உரசுபட்டை டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்கிறது. இன்ஜின் பலத்தால் இழுக்கும்போது டிரம்மிலிருந்து பட்டை பிரிவதற்குப் பதிலாக, ஷூவிலிருந்து பட்டை பெயர்ந்து வந்துவிடக்கூடும். பெயர்ந்த துண்டு உள்ளே சிக்கினால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறிமாறி மெதுவாக அசைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்புச் சுற்றில் சுத்தியலால் மிதமாகத் தட்டினால் ஒட்டுதல் விடுபடும். டிரம்மையே கழற்ற வேண்டியிருந்து அது ஹப்பில் இறுகியிருந்தால், பெரும்பாலான டிரம்களில் இதற்காகவே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டுகளைச் சமமாக முடுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும்.

அடிக்கடி ஒட்டுகிறது என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள். அதன் உறை கிழிந்து உள்ளே துருவேறியிருந்தால், நெம்பைக் கீழே இறக்கினாலும் ஷூ முழுமையாகப் பின்வாங்காது. துருவேறிய கேபிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பதைவிட மாற்றுவதே சரி.

உலைக்களம்:

இனி தடுப்பைப் பற்றி, ஏனெனில் கேள்வியின் பாதி அதுதான். பிரேக் துருவேறாமல் இருக்கச் சிறந்த வழி பிரேக்கைப் பயன்படுத்துவது. வாரம் ஒருமுறையாவது, சும்மா இன்ஜினை ஓடவிட்டு அணைக்காமல், சாலையில் எடுத்துச் சென்று, பின்னால் வண்டி இல்லாத இடம் பார்த்து நல்ல வேகத்திலிருந்து சில முறை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். பின்சக்கரப் பேட்டுகள் உண்மையில் வேலை செய்வது அப்போதுதான். நின்ற இடத்தில் இன்ஜினை ஓட்டுவதால் பேட்டரிக்கு ஏதோ சிறிது பயன் இருக்கலாம்; பிரேக்குக்கு எதுவும் இல்லை.

காரைக் கழுவியதும் அப்படியே நிறுத்திவிடுவது மிகப் பரவலான பழக்கம். பிரேக்கின் பார்வையில் மிகக் கெட்ட பழக்கமும் அதுதான். கழுவிய பின் ஒரு சுற்று ஓட்டி, மிதமாகப் பலமுறை பிரேக் பிடித்தால் டிஸ்க் சூடேறி உலர்ந்துவிடும். மழையில் வந்து நிறுத்துவதற்கு முன்னும் கடைசிச் சில நூறு மீட்டரில் இதையே செய்யலாம். சக்கரத்தைப் பளபளக்கச் செய்யும் அமிலக் கிளீனர்கள் டிஸ்க்கைத் தாக்கும்; பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ஏராளமான தண்ணீரால் அலசுங்கள். உப்புக்காற்று உள்ள இடங்களில் சக்கரங்களின் உட்புறத்தையும் வண்டியின் அடியையும் அவ்வப்போது வெறும் தண்ணீரால் கழுவுவது எந்த ஸ்பிரேயையும்விட அதிகப் பயன் தரும்.

நீண்ட நாள் நிறுத்த வேண்டியிருந்தால், கழுவி உலரவைத்த காரை, கூடுமானவரை கூரையின் கீழ், காற்றோட்டமுள்ள சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பேட் அழுந்திய வடிவில் உங்கள் டிஸ்க்கில் விழுந்த கறை, அந்த ஹேண்ட் பிரேக்கால் வந்தது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே சிக்கிய ஈரம் உலர வழியே இல்லாமல் அங்கே அரித்திருக்கிறது. மண்தரையும் புல்தரையும் இரவெல்லாம் ஈரத்தை வெளியிடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். உறை போடுவதானால் காற்றுப் புகும் துணியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.

டிஸ்க்கில் எண்ணெய் பூசி வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. எண்ணெய் பேட்டில் ஊறினால் பிரேக் பிடிக்காது. அந்தப் பேட்டை எறிய வேண்டியதுதான். நடுத்தொப்பிக்கும் வெளிவிளிம்புக்கும் மட்டும் வெப்பம் தாங்கும் பெயிண்ட் அடிக்கலாம். உரசுமுகத்தையும், ஹப்போடும் சக்கரத்தோடும் ஒட்டி அமரும் பரப்புகளையும் தொடாமல் விட வேண்டும்.

நெம்புகோல்:

இதோடு ஆண்டுக்கு ஒருமுறை பின்களை எடுத்துத் துடைத்துக் கிரீஸ் இடுவதையும், கிளிப்புகளின் பின்புறத்தைச் சுத்தம் செய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணம் முடிந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

வாசல்நிழல்:

டிரம் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. அடுத்து மின்கார் வாங்கும் எண்ணம் உண்டு. அதில் பிரேக்கே அதிகம் தேயாது என்கிறார்களே, அப்படியென்றால் இந்தத் தொல்லையும் குறையுமா?

நீரோட்டம்:

தேய்வு குறையும், துரு கூடும். மின்கார் வேகத்தைக் குறைக்கும்போது பெரும்பாலும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியை நிறுத்துகிறது. பேட் டிஸ்க்கைத் தொடும் சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அதனால் பேட் பல ஆண்டுகள் தடிமனாகவே இருக்க, டிஸ்க் துருவால் பாழாவதைக் காண்கிறோம். ஹைப்ரிட் கார்களுக்கும் இது பொருந்தும். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரங்களுக்கு மூடிய டிரம் பிரேக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஸ்க் உள்ள மின்காரில், உலைக்களம் சொன்ன அழுத்தமான பிரேக் பயிற்சி இன்னும் அவசியமாகிறது. மென்மையாக மிதித்தால் மோட்டாரே வேலையை எடுத்துக்கொள்ளும். கடினமாக மிதிக்கும்போதும், பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போதும் உரசும் பிரேக்குக்கு வேலை வரும். பல கார்களில் நியூட்ரலில் இருக்கும்போது மோட்டார் வழி நிறுத்தம் நின்றுவிடும் என்பதால், கையேடு அனுமதித்தால், வெறிச்சோடிய நேரான சாலையில் நியூட்ரலுக்கு மாற்றிச் சில முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைச் சுத்தப்படுத்தலாம். பேட் தடிமனாக இருக்கிறது என்று சொல்லிச் சக்கரத்தைக் கழற்றாமலேயே சர்வீஸை முடிப்பவர்களிடம், பின்களையும் டிஸ்க்கின் உட்பக்கத்தையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். திரவத்தையும் மற்றக் கார்களைப் போலவே ஆண்டுக் கணக்கில் மாற்ற வேண்டும்.

புதுத்தடம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பின் அச்சுக்கு டிஸ்க்குகள், நான்கு பேட்டுகள், கிளிப்புகள், பின் தொகுப்பு ஆகியவற்றை வாங்கி நானே பொருத்துகிறேன். ஹப் முகத்தைச் சுத்தம் செய்த பிறகே மாட்டுவேன். குழாயை முழு நீளத்துக்கும் மாற்றித் திரவத்தையும் புதிதாக்கும் வேலையை மெக்கானிக்கிடம் ஒப்படைக்கிறேன். அதுவரை காரை எடுக்கப்போவதில்லை.